வாயால் பால் குடிக்காத ஆறு நாட்கள்

கயல்விழி பால் குடிப்பதைக் குறைத்தது ஒரு புதன்கிழமை. அது ஆபத்து என்று எங்களுக்கு விளங்கியது வியாழக்கிழமை மத்தியானம். வேலையிடத்தில் பிள்ளை பெற்றவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் நடுவில் போன அந்த ஒரு நாளைப் பற்றித்தான். "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்கிறார்கள். உண்மையில் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் செலண்டாரில் ஒரு தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில், இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். நான் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் சாரம் கட்டும் குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறேன். என் மனைவி லோகேஸ்வரிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்து அப்போது பதினோரு வாரம் ஆகியிருந்தது. மூத்தவள் கயல்விழி, நான்கு நிமிடம் கழித்து வந்தவள் தேன்மொழி; வீட்டில் கயல், தேன். இரண்டு பேரும் ஐந்து வாரம் முன்கூட்டியே பிறந்தவர்கள். கயல் நான்கு கிலோவைத் தாண்டியே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை கயலுக்கு மூக்கு ஒழுகியது. செவ்வாய்க்கிழமை இருமல். பெரியவர்களுக்கு வருகிற மாதிரிச் சாதாரணச் சளிதான். புதன்கிழமை, வழக்கமாக எண்பது மில்லி குடிப்பவள் முப்பது மில்லியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி இரண்டு வாய், பிறகு இருமிக் கக்கிவிடுவாள். லோகா தேனுக்குப் பால் கொடுத்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப மனம் வரவில்லை. சளி கட்டியாக இருக்கிறது, தொண்டை காய்ந்திருக்கும், தாகமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸ் கலந்து சின்னக் கரண்டியால் ஊட்டினேன். அது எளிதாக இறங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்று மூன்று தடவை அப்படிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மாற்றிய டயப்பர் மத்தியானம் ஒரு மணிக்கும் காய்ந்தே கிடந்தது. லோகாதான் அதைக் கையில் பிடித்து எடை பார்ப்பதுபோல் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, இவ மூத்திரமே போகல. தேனுக்கு மூணு மாத்திட்டேன்."

"பால் கம்மியா குடிக்கிறால்ல, அதான்லா."

"அதான் நானும் சொல்றேன். சட்டையத் தூக்கிப் பாருங்க."

சட்டையை விலக்கினோம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின. உச்சிக்குழியில் லோகா விரலை வைத்துப் பார்த்தாள். அது கொஞ்சம் பள்ளமாக இருந்தது. உடனே கிளம்பினோம்.

செலண்டார் பெக்கானில், கடைத்தெருவில், உள்ள கிளினிக்கில் டாக்டர் கயலின் பாதத்தில் ஒரு சின்ன கருவியை மாட்டினார். அது ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். எண்ணைப் பார்த்ததும் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை, கடிதம் எழுதினார். "வழியில எங்கயும் நிக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போங்க," என்றார்.

யார் போவது என்ற பேச்சு அந்தக் கிளினிக் வாசலில்தான் நடந்தது. தேனுக்கு இன்னும் ஒன்றுமில்லை. அவளையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் நோய் வாங்கிக்கொண்டு வருவாள். அவள் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை, லோகாவை விட்டுப் பிரிய முடியாது. கயல் பிறந்ததிலிருந்தே சரியாக வாய் வைத்து உறிஞ்சத் தெரியாமல், பீய்ச்சிய பாலைப் பாட்டிலில் குடித்துப் பழகியவள். லோகா கயலை என் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டே நின்றாள்.

"நீங்க போங்க. பால நான் எப்படியாச்சும் அனுப்புறேன்," என்றாள்.

பட்டணத்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களைக் காக்கவைக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கை வெட்டுப்பட்டவர், வயிற்று வலிக்காரர் என்று கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, கயலை மட்டும் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். மூக்கில் உப்புநீர் சொட்டுவிட்டு மெல்லிய குழாயால் சளியை உறிஞ்சினார்கள். மூக்குத் துவாரங்களில் பிராணவாயுக் குழாயை வைத்து இரண்டு கன்னத்திலும் ஒட்டினார்கள்.

டாக்டர் ஹரிணி என்ற இளம் தமிழ் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எத்தனை நாள், எவ்வளவு பால், எத்தனை டயப்பர். பிறகு, "வீட்டுல யாருக்காச்சும் சளி, இருமல் இருந்துச்சா?" என்றார்.

"இல்ல டாக்டர்," என்றேன்.

அது பொய். போன வாரம் எனக்கு இருமல் இருந்தது. ஆலையைப் பராமரிப்பு வேலைக்காகப் பகுதி பகுதியாக மூடியிருந்தார்கள். சாரம் கட்டுபவர்கள் எல்லாரும் ஒரே கண்டெய்னருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதிப் பேருக்கு இருமல். நானும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன், வீட்டுக்கு வந்து இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறித் தூக்கினேன், முத்தம் கொடுத்தேன். நான்கு நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. டாக்டர் கேட்டபோது அதை மறந்திருக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வார்டில் சேர்த்த பிறகு டாக்டர் ஹரிணி நோயை எனக்கு விளக்கினார். அங்கே என்னைக் குமரன் என்று யாரும் கூப்பிடவில்லை. தமிழ் டாக்டருக்கு நான் 'அப்பா', மலாய் மிஸிகளுக்கு 'பாப்பா காயால்', அதாவது கயலின் அப்பா. மிஸி என்று எங்கள் பக்கம் நர்ஸைத்தான் சொல்வோம்.

"அப்பா, இதுக்குப் பேரு பிராங்கியோலைடிஸ். நுரையீரலுக்குள்ள காத்து போற சின்னச் சின்னக் குழாய் இருக்கு. வைரஸ் வந்ததால அது உள்பக்கம் வீங்கிப்போச்சு, சளியும் அடைச்சிருக்கு. பெரியவங்களுக்கு அந்தக் குழாய் பெருசு, அதனால வெறும் சளியோட போயிடும். இவளுக்கு அது நூல் மாதிரி."

"மருந்து?"

"வைரஸைக் கொல்ற மருந்து இதுக்குன்னு இல்ல. ஆன்டிபயாடிக் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. உடம்பே சரிபண்ணிக்கும். அதுவரைக்கும் நாம ரெண்டு வேலைதான் செய்யணும். மூச்சுக்கு உதவி பண்ணணும், உடம்புல தண்ணியும் பாலும் குறையாம பாத்துக்கணும்."

"பால் குடுக்கலாமா டாக்டர்? காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல."

"இப்ப வாயில குடுக்கக் கூடாது. நிமிஷத்துக்கு எழுபது தடவைக்கு மேல மூச்சு விடுறா. நீங்க ஓடிக்கிட்டே தண்ணி குடிச்சுப் பாருங்க, அது மாதிரி. பால் நுரையீரலுக்குள்ள போயிடும். இன்னைக்கு டிரிப்."

டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு சுருங்கிப் போகும் என்றார்கள். இடது கை, வலது கை, பிறகு பாதம். மூன்றாவது இடத்தில்தான் ஏறியது. கயலுக்கு உரக்க அழக்கூடப் பலமில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் மெல்லியதாக வந்து நின்றுவிட்டது.

சாயந்திரம் ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் திரும்பி வந்தார். "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு. பாலைத் தவிர வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

இந்தத் தடவை மறைக்கவில்லை. குளுக்கோஸ் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

"ஆறு மாசம் வரைக்கும் தண்ணி வேணாம் அப்பா. பால்லயே தண்ணி இருக்கு. வெறும் தண்ணி வயித்த ரொப்பிடும், பாலுக்கு இடம் இருக்காது. ரத்தத்துல உப்பும் இறங்கும், ரொம்ப இறங்குனா வலிப்பே வரும். இவளுக்கு அவ்வளவு தூரம் போகல. டிரிப்ல சரியாயிடும்."

நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

அந்த வார்டில் தாய்மார்கள்தான் தங்குவார்கள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு சாய்வு நாற்காலி, அதில் ஒரு அம்மா. என்னைப் பார்த்த மிஸிகள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மாக் மானா?" அம்மா எங்கே? இரட்டைப் பிள்ளை விஷயத்தைச் சொன்னதும் தலைமை மிஸி யோசித்துவிட்டு, கவுண்டருக்குப் பக்கத்தில் மூலைக் கட்டிலைக் கொடுத்தார். மற்றவர்கள் பால் கொடுக்கும்போது திரையை இழுத்துவிட்டு நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

பக்கத்துக் கட்டிலில் தஞ்சோங் கிளிங்கைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரப் பெண், காக் ரோஹானா. காக் என்றால் அக்கா. அவருடைய பத்து மாதப் பையனுக்கும் இதே நோய், அவன் தேறி வந்துகொண்டிருந்தான். நான் கயலைத் தோளில் சாய்த்துத் தட்டுவதைப் பார்த்து, "அப்படி மடக்காதே தம்பி, வயிறு அமுங்கும், மூச்சு இன்னும் கஷ்டமாகும். நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சோடு நேராகப் பிடி," என்றார். மலாயில்தான் சொன்னார், 'தம்பி' மட்டும் தமிழ். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை அது.

வெள்ளிக்கிழமைதான் மோசமான நாள். இந்த நோய் நான்காம் ஐந்தாம் நாளில் உச்சத்துக்குப் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் சாதாரணப் பிராணவாயு போதாமல், ஈரமும் சூடும் கலந்த காற்றை வேகமாகத் தள்ளும் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். பத்து மணிக்கு மேல் இருக்கும். கயலின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேக வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நெஞ்சு திடீரென்று நின்றது.

சத்தமே இல்லை. உதட்டைச் சுற்றி நிறம் மாறியது. நான் கூப்பிடுவதற்குள் இயந்திரம் கத்தியது, மிஸி ஓடி வந்தார். உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்தார். கயல் ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்று பிறகு கேட்டேன். சில விநாடிகள்தான் என்றார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு இந்த நோயில் மூச்சு இப்படி நின்று நின்று போகுமாம். மறுபடி நின்றால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, தொண்டை வழியாகக் குழாய் போட்டு இயந்திரமே மூச்சு விடச்செய்ய வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் வந்து சொன்னார். தாளில் கையெழுத்து வாங்கினார்கள். முப்பது மீட்டர் உயரத்தில் சாரக் குழாய்மேல் நின்று கட்டு முடுக்குகிற கை என்னுடையது. அன்றைக்கு அது கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டது.

லோகாவிடம் போனில் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"பால் எவ்ளோ வேணும்?" என்றாள்.

"இன்னும் பால் குடுக்கலலா. டிரிப்தான்."

"குடுப்பாங்கல்ல. நாளைக்குக் குடுப்பாங்க. நான் எடுத்து வைக்கிறேன்."

அன்று மறுபடி நிற்கவில்லை. இரண்டாவது தடவை நிற்குமா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்ததில் மதியச் சாப்பாடு அப்படியே ஆறிப்போனது. காக் ரோஹானா அதை எடுத்துக் கொட்டிவிட்டு, தன் கணவர் கொண்டுவந்த மீன் சம்பலும் சோறும் ஒரு பொட்டலமாக என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை மூச்சு அறுபதுக்கு இறங்கியது. "இனி வயித்துக்குப் பால் போகலாம்," என்றார் டாக்டர் ஹரிணி. மூக்கு வழியாக வயிறுவரை ஒரு மெல்லிய குழாயை இறக்கினார்கள். அது சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க, ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி ஒரு தாளில் வைத்தார்கள். வயிற்றின் அமிலம் பட்டால் தாள் நிறம் மாறும். மாறியது. ஒவ்வொரு தடவையும் இதைப் பார்த்த பிறகுதான் பால்.

பால் அதற்குள் வந்துவிட்டிருந்தது. கொண்டுவந்தவர் சலீம் பாய். செலண்டார் பெக்கானில் மளிகைக் கடை வைத்திருப்பவர், எங்கள் தாமானிலேயே குடியிருக்கிறார். தினமும் காலையில் சரக்கெடுக்க வேனில் பட்டணத்துக்கு வருவார். லோகா அவர் மனைவி ஜமீலா அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். மனிதர் தன் கடையில் ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டியைக் கழுவித் துடைத்து, ஐஸ் போட்டு, அதில் பால் பாட்டில்களை அடுக்கி, மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்.

"தம்பி, இந்தா. பாட்டில்ல பிள்ள பேரு, நேரம் எல்லாம் ஒட்டியிருக்கு. ஐஸு கரையல, பாத்துக்க."

"ரொம்ப நன்றி பாய். உங்களுக்குச் சிரமம்."

"நான் சும்மாவா வர்றேன்? வெங்காயம் எடுக்க வர்றவன்தானே. நாளைக்கும் இதே நேரம், இதே தூணு." அவர் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நின்று, "பிள்ளைக்கு துஆ செஞ்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

குழாயில் பால் விடுவதை மிஸி எனக்குக் கற்றுக்கொடுத்தார். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலைக் குழாயில் பொருத்தி, பாலை ஊற்றி, குழந்தையின் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடிக்க வேண்டும். பால் தன்னாலே இறங்கும். அமுக்கக் கூடாது. உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். வேகமாகப் போனால் கக்கிவிடுவாள். முதல் தடவை பத்து மில்லி. அது தாங்கியதும் இருபது மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் மூக்கில் உப்புநீர் விட்டுச் சளியை எடுக்க வேண்டும்.

சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தேன். உள்ளே போன மில்லி ஒரு பக்கம், டயப்பர் ஒரு பக்கம். ஈர டயப்பரைத் தராசில் வைத்து, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் எவ்வளவு சிறுநீர் என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை மாலை வந்த ஒரு டயப்பர் நாற்பது கிராம் இருந்தது. அதை லோகாவுக்கு உடனே போன் பண்ணிச் சொன்னேன்.

"நாப்பதா!" என்றாள். பரீட்சையில் மார்க் கேட்டவள்போல.

ஞாயிற்றுக்கிழமை ஜமீலா அக்காவிடம் தேனை விட்டுவிட்டு, லோகா ஒரு மணி நேரத்துக்கு வந்தாள். வார்டு வாசலில் கைகழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கட்டில் அருகே வந்து நின்றாள். கயலின் முகத்தில் பாதி ஒட்டுத்துணி. மூக்கில் இரண்டு வகைக் குழாய், பாதத்தில் கட்டை வைத்துக் கட்டிய டிரிப் ஊசி. லோகா தொடவில்லை. எங்கே தொடலாம் என்று தேடினாள். நான் தலைப்பக்கத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் முடியைத் தடவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "யார்கிட்ட இருந்து வந்துச்சோ," என்றாள். கேள்வியாகக்கூட இல்லை, சும்மா வாயில் வந்தது.

"என்கிட்ட இருந்துதான்," என்றேன். "போன வாரம் எனக்கு இருமல் இருந்துச்சு. டாக்டர் கேட்டப்போ இல்லன்னு சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையில் இருந்த விரல் மட்டும் நின்றது.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"ஒரே வீட்லதானே இருக்கோம். நீங்க குளிக்கிற ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு இருமுனா எனக்குக் கேக்காதா? புள்ளைங்களத் தூக்காதீங்க, மாஸ்க் போடுங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. நீங்களும் தூக்கலன்னா நான் எப்போ தூங்குறது? அதான் வாய மூடிக்கிட்டேன்."

முகக்கவசத்துக்குமேல் அவள் கண் நிறைந்து வழிந்தது. மூன்று நாளாக எனக்குள் உருண்டுகொண்டிருந்தது அவளிடமும் இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்ததா, கூடுதல் வலியாக இருந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. இருபது மில்லிக்கு நேரம் ஆகியிருந்தது. சிரிஞ்சை அவள் கையில் கொடுத்தேன். "இவ்ளோ உயரத்துல புடி. அமுக்காத," என்றேன். தன் பால் குழாய்க்குள் மெதுவாக இறங்கிப்போவதை அவள் கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

லோகா கிளம்பியதும் டாக்டர் ஹரிணியைத் தேடிப்போய் என் இருமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். "சிகிச்சை மாறாது அப்பா. ஆனா சொன்னது நல்லது. வீட்டுல இன்னொரு பாப்பா இருக்கில்ல, அவளையும் பாத்துக்கணும்," என்றார்.

அவர் எச்சரித்தது மறுநாளே நடந்தது. திங்கட்கிழமை காலை லோகா போனில், "தேனுக்கு மூக்கு ஒழுகுது," என்றாள். நான் டாக்டரிடம் ஓடினேன். அவர் சொன்னதை அப்படியே போனில் திருப்பிச் சொன்னேன்: பால் கொடுக்கும் முன் உப்புநீர் சொட்டு. ஒரே தடவையில் நிறைய வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. வழக்கமாகக் குடிப்பதில் பாதிக்குக் கீழே போனாலோ, டயப்பர் காய்ந்தே கிடந்தாலோ, விலா குழிந்தாலோ, மூச்சு நின்று வந்தாலோ காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

"தண்ணி?" என்றாள் லோகா.

"குடுக்காத."

"நானா குடுத்தேன்?" என்றாள். அந்த வாரத்தில் அவள் பேச்சில் முதல்முறையாக அவளுடைய பழைய குத்தல் தெரிந்தது.

ஆனால் அன்று சலீம் பாய் கொண்டுவந்த பெட்டியில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. அதிலும் நாற்பது மில்லிதான். "பாப்பாவோட அம்மா அழுதுச்சாம் தம்பி. பால் வரலன்னு. வீட்டுல சொன்னாங்க," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தூக்கமில்லை, பயம், இரண்டாவது பிள்ளைக்கும் சளி. பால் எங்கிருந்து வரும்? கயலுக்கு அன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முப்பத்தைந்து மில்லி என்று உயர்த்தியிருந்தார்கள்.

மிஸி பால்மாவு கலக்கலாமா என்று கேட்டார். குறைமாதப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால்தான் என்று அவர்கள் பிறந்த நாளிலிருந்து லோகா எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் கேட்காமல் சரி சொல்ல முடியவில்லை. போன் பண்ணினேன். அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள்.

"குடுங்க," என்றாள். "எது உள்ள போனாலும் சரி. அவ காயக் கூடாது."

அன்று பகல் முழுவதும் தேனை ஜமீலா அக்கா மடியில் வைத்திருந்தார். பால் குடிக்க மட்டும் லோகாவிடம் கொடுத்தார். மற்ற நேரம் லோகாவை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார். அவள் ஆறு மணி நேரம் தூங்கினாள். தேனுக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகியது, கொஞ்சம் இருமினாள், பால் குறையவில்லை. மருத்துவமனைக்கு வராமலே சரியானது. செவ்வாய்க்கிழமை பெட்டியில் மூன்று பாட்டில் இருந்தது.

அதே செவ்வாய்க்கிழமை கயலுக்கு வேகக் காற்று இயந்திரத்தை நிறுத்தி, சாதாரணப் பிராணவாயுவுக்கு மாற்றினார்கள். டிரிப் ஊசியையும் எடுத்தார்கள். அவளுடைய பாதத்தை ஐந்து நாள் கழித்து முழுசாகப் பார்த்தேன். காக் ரோஹானாவின் பையன் அன்று வீட்டுக்குப் போனான். கிளம்பும்போது அவர் கயலின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலாயில், "சீக்கிரம் பசிக்கட்டும் கண்ணு," என்றார். வித்தியாசமான வாழ்த்து என்று அப்போது நினைத்தேன்.

நாங்கள் வீட்டுக்குப் போனது அந்த வெள்ளிக்கிழமை. இருமல் அதற்குப் பிறகும் இரண்டு வாரம் இருந்தது. அது இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது இரண்டு பேரும் குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறார்கள். இருமல் வந்தால் நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு கூடத்தில் படுக்கிறேன், லோகா முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறாள். ஆனால் கயல் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு உறைத்தது வீட்டுக்குப் போன நாளில் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலை.

மணி எட்டேகால். பால் விட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் நோட்டைப் பார்த்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பக்கத்துக் கட்டில் என்று நினைத்தேன். பிறகு மறுபடி வந்தது. கயல் முகம் சிவக்க, கையை முறுக்கிக்கொண்டு அழுதாள். ஊசி குத்தியபோது வந்த அந்த மெல்லிய சத்தம் இல்லை. தொண்டை திறந்த, கோபமான அழுகை. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து எதையோ தேடினாள். என் விரல் உதட்டில் பட்டதும் பிடித்து உறிஞ்சினாள்.

ஆறு நாளாக டிரிப்பிலும் மூக்குக் குழாயிலும் நேரம் பார்த்து நாங்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை. இப்போது கேட்டாள்.

மிஸி ஓடி வந்து பார்த்தார். மூச்சை எண்ணினார். நாற்பத்து நான்கு. "லாப்பார்! டியா லாப்பார்!" என்றார். பசிக்குது, அவளுக்குப் பசிக்குது. டாக்டரைக் கேட்டுவிட்டு, பாட்டிலில் முப்பது மில்லி தருகிறேன், நீங்களே கொடுங்கள் என்று பாலைச் சூடு பண்ணப் போனார்.

நான் லோகாவுக்கு வீடியோ போடக்கூட நினைக்கவில்லை. சும்மா அழைத்து, போனைக் கயலின் வாய்ப்பக்கம் நீட்டினேன்.

"என்னாச்சு? ஏன் அழுவுறா? என்னங்க!"

"பசிக்குதாம்லா," என்றேன். "பால் கேக்குறா."

இங்கே இவள் அழுகிற சத்தத்தைக் கேட்டு அங்கே தேன்மொழி அழ ஆரம்பித்தாள். இரண்டு அழுகையும் ஒரே போனில் கேட்டது. பிறகு லோகா சிரிக்கிற மாதிரி, அழுகிற மாதிரி ஒரு குரலில் சொன்னாள்:

"ஐயோ, வைங்க போன. என் சட்டையெல்லாம் நனையுது. பால் வருதுங்க."

மிஸி பாட்டிலோடு வந்தார். கயலை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். ரப்பரை உதட்டில் வைத்ததும் கவ்வினாள். நான்கு வாய் குடித்தாள், நிறுத்தி மூச்சு வாங்கினாள், என்னைப் பார்த்தாள், மறுபடி குடித்தாள். முப்பது மில்லி முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாட்டிலை எடுத்ததும் அழுதாள், இன்னும் வேண்டுமாம்.